நாய்க்கும் பூனைக்கும் மாற்று வைத்தியம்: எதை வைத்துக்கொண்டேன், எதை விட்டேன்

என் நாய் கருப்பனுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதும், பூனை மீனுவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வர ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில். இரண்டுமே ஓர் ஊசியோடு முடிந்துவிடும் நோய்கள் இல்லை. கூடவே வாழ வேண்டியவை. அப்படி ஒரு நோய் வீட்டுக்குள் வந்துவிட்டால் யாருக்குமே மாற்று வைத்தியத்தின் பக்கம் கண் போகும். எனக்கும் போனது. அக்குபஞ்சர், மூலிகை, மீன் எண்ணெய், லேசர், தண்ணீருக்குள் நடைப்பயிற்சி, ஹோமியோபதி என்று பலவற்றைத் தேடிப் படித்தேன். சிலவற்றைச் செய்து பார்த்தேன், அவற்றில் சில இன்றும் தொடர்கின்றன.

இதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, எல்லாமே ஏமாற்று. இன்னொன்று, இயற்கையானது என்பதால் பயமே இல்லை. வலியோடு படுத்திருக்கும் ஒரு நாயை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதையும் நம்பிச் செயல்பட முடியாது. எது உதவுகிறது, எது உதவவில்லை, எது கெடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தவர் முறையாகப் படித்த கால்நடை மருத்துவர், அதற்குமேல் அக்குபஞ்சர் பயிற்சியும் பெற்றவர். விலங்கு அக்குபஞ்சருக்கென்று ஐவாஸ் என்ற சர்வதேச அமைப்பு 1974-லிருந்தே இருக்கிறது. இப்படிப்பட்ட அமைப்புகள் கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்குத்தான் பயிற்சி தருகின்றன. முதல் தடவை போனபோது அவர் ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கருப்பன் எங்கே படுப்பான், தரை வழுக்குமா, படி ஏறுவானா, காலையில் எழுந்ததும் எந்தக் காலை இழுக்கிறான், யார் யார் என்னென்ன தின்னக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். "என்ன நோய்னு தெரியாம நான் ஊசியத் தொட மாட்டேன்" என்றார். பின்னங்கால் பலவீனத்துக்குக் காரணம் இடுப்பு மூட்டாக இருக்கலாம், முழங்காலில் அறுந்த தசைநார், முதுகெலும்பு வட்டு விலகியது, எலும்பில் கட்டி என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே நொண்டல்தான். வட்டு விலகிய முதுகை யாராவது அழுத்திச் சொடுக்கிவிட்டால் நாய்க்கு நடையே போய்விடலாம். கட்டியோடு இருக்கும் நாய்க்கு வலியை மட்டும் மட்டுப்படுத்திக்கொண்டிருந்தால் நாள் வீணாகும். மாற்று வைத்தியத்துக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நோயின் பெயர் கையில் இருக்கட்டும், பிறகு போங்கள்.

அவர் எழுதித் தந்த முதல் சிகிச்சை எடைக் குறைப்பு. விலாவைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும் என்றார். கருப்பனிடம் இரண்டும் இல்லை. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. ஜோடி ஜோடியாக வைத்து, ஒன்று தின்பதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்ற கூட்டத்தின் ஆயுள் நடு மதிப்பாக 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. எந்த மூட்டு மாத்திரைக்கும் இந்த அளவு ஆதாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கப்பில் அள்ளிப்போடுவதை நிறுத்திவிட்டு, சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடுத்து வைக்கத் தொடங்கினோம். வீட்டில் நடந்த பெரிய போராட்டமே மற்றவர்கள் இடையிடையே கொடுக்கும் தின்பண்டத்தை நிறுத்துவதுதான். கடைசியில் அன்றைய பங்கிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, கொஞ்ச வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் அதிலிருந்து கொடுக்கலாம் என்று முடிவானது.

கூடவே வழுக்கும் தரையில் அவன் நடக்கும் பாதை முழுக்க விரிப்பு போட்டோம். நகத்தை அடிக்கடி வெட்டினோம், நகம் நீண்டால் பாதம் ஊன்றும் கோணமே மாறிவிடுகிறது. ஒரே நீண்ட நடையைச் சிறு சிறு நடைகளாகப் பிரித்தோம். பாட்டில், ஊசி எதுவும் இதில் கிடையாது என்பதால் இதை வைத்தியம் என்றே பலர் எண்ணுவதில்லை. ஆனால் விலங்கை முழுதாகப் பார்ப்பது என்று சொல்கிறார்களே, நான் கண்ட அளவில் அதன் மிகப் பலமான பகுதி இதுதான்.

சரி, மற்றவற்றுக்கு வருவோம். இங்கேதான் ஒரு சிக்கல். நாய் வாயால் சொல்லாது. அது தேறியிருக்கிறதா என்று தீர்மானிப்பது நாம், நமக்கோ அது தேறிவிட வேண்டும் என்ற தவிப்பு. 2012-ல் வந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்கவைத்தது. மூட்டு நோயால் நொண்டும் 58 நாய்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து, கால் தரையில் ஊன்றும் விசையைக் கருவியால் அளந்தார்கள். கருவியில் முன்னேற்றமே இல்லாத பல நாய்களுக்கு, நன்றாகத் தேறிவிட்டது என்று உரிமையாளர்கள் சொன்னார்கள். பரிசோதித்த மருத்துவர்களுக்கும் அதே மயக்கம் இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. மூட்டு வலி ஏறி இறங்கும் நோய். மிக மோசமான நாளில்தான் நாம் புது வைத்தியம் தேடி ஓடுவோம். அதற்குப் பிறகு வரும் நாள்கள் எப்படியும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். கருப்பன் செய்யச் சிரமப்படும் மூன்று காரியங்களை மட்டும் எழுதிக்கொண்டோம்: படுக்கையிலிருந்து எழுவது, காருக்குள் முன்னங்காலை வைப்பது, நடந்து திரும்பும்போது கடைசித் திருப்பத்தில் அவன் வேகம். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே நேரத்தில் செல்போனில் வீடியோ. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான், இரண்டு புதியவற்றைச் சேர்த்து ஆரம்பிப்பதில்லை. இவற்றைவிட முக்கியமானது, வீட்டில் ஒருவருக்கு எப்போது சிகிச்சை நடந்தது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டோம். வீடியோவுக்கு மதிப்பெண் போடுவது அவர் வேலை. கொஞ்ச காலம் கழித்து அந்தச் சிகிச்சையை நிறுத்திப் பார்ப்போம். நிறுத்தியதும் பழைய சிரமம் திரும்பினால் அது வேலை செய்திருக்கிறது. பூனைகளின் மூட்டு வலி ஆய்வுகளிலேயே இந்த உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். மருந்து கொடுக்கும்போது எல்லாரும் முன்னேற்றத்தைத்தான் பார்க்கிறார்கள், நிறுத்தும்போது வரும் சரிவில்தான் உண்மையான மருந்து பிரிந்து தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: மருத்துவர் எழுதித் தந்த மருந்தை இப்படி நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இந்த முறையில் தேறியது அக்குபஞ்சர். மயிரிழை போன்ற ஊசிகள். முதல் சில ஊசிகளுக்குத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். சிகிச்சை முடிந்த பிறகு சில நாள்கள் எழுவது சுலபமாக இருக்கும். இடைவெளி நீண்டுபோன சமயங்களில், நாள் தெரியாமல் மதிப்பெண் போட்டவரின் கணக்கிலும் இறக்கம் தெரிந்தது. விலங்குகளுக்கான அக்குபஞ்சர் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, எந்த நோய்க்கும் அதைப் பரிந்துரைக்கவோ ஒதுக்கவோ போதிய வலுவான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. அதனால் என் நாய்க்கு உதவியது உங்கள் நாய்க்கும் உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்யவில்லை, இரண்டும் சேர்ந்தே நடந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் வைத்த டிரெட்மில்லில் நடக்கும் பயிற்சியும் தேறியது. தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் மூட்டில் பாரம் ஏறாமல் தொடைத் தசை உழைக்கிறது. சுருங்கிப்போயிருந்த தொடை கண்ணெதிரே திரண்டது. லேசர் சிகிச்சையைக் கொஞ்ச காலம் செய்தோம், நிறுத்தினோம், வீடியோவில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதோடு விட்டாயிற்று.

பாட்டில்களில் வருபவற்றில் மீன் எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டோம். நாய்களின் மூட்டு வலியில் அதற்கு ஓரளவு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. லேபிளில் மொத்த எண்ணெய் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துப் பயனில்லை. அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று பாருங்கள், மருத்துவர் சொல்லும் அளவு அதற்குத்தான். சிறு அளவில் ஆரம்பித்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பேதியாகும். எண்ணெயில் கலோரியும் உண்டு, எடைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும். மீன் ஈரல் எண்ணெய் என்பது வேறு. அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், அளவு மீறினால் நஞ்சாகும். மூட்டு மாத்திரைகளில் வரும் குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம், எங்களுக்கும் எதுவும் தெரியவில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் மிகக் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது. கஞ்சா செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் பற்றி 2018-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் செய்த சிறிய ஆய்வில், மூட்டு வலியுள்ள நாய்களுக்குச் சற்று ஆறுதல் தெரிந்தது. அதே நாய்களின் கல்லீரல் நொதி ஒன்று ரத்தத்தில் ஏறவும் செய்தது. ஏற்கெனவே வலி மாத்திரை எடுக்கும் நாய்க்கு அது வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார், கேட்டுக்கொண்டோம்.

மூலிகை விஷயத்தில் மறைக்காமல் சொல்வது மிக முக்கியம். வில்லோ மரப்பட்டையில் இருப்பது ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். அது கலந்த மூட்டுப் பொடியை, வலி மாத்திரை சாப்பிடும் நாய்க்குக் கொடுத்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம். கொடுப்பவருக்கு அது வெறும் செடிப்பொடி, வயிற்றுக்கு அது இன்னொரு டோஸ் மருந்து. அதனால் வீட்டிலிருக்கும் எல்லா டப்பாவின் லேபிளையும் போட்டோ எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுவது என் வழக்கம்.

இனி பூனை. நாய்க்குச் சரியானதை அளவைக் குறைத்துப் பூனைக்குக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் ஏராளம். அது மிக ஆபத்தான எண்ணம். கல்லீரலில் பல பொருள்களைச் சிதைத்து வெளியேற்ற உதவும் ஒரு நொதி பூனைக்கு வேலை செய்வதில்லை, அதற்கான மரபணு பூனை இனத்தில் பழுதாகிவிட்டது. அரை பாராசிட்டமால் மாத்திரைகூட ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதே காரணத்தால் செடிகளிலிருந்து எடுக்கும் செறிவான நறுமண எண்ணெய்கள் பலவும் பூனைக்கு நஞ்சு. காற்றில் அவற்றைத் தெளிக்கும் கருவியை வைத்தால் துளிகள் ரோமத்தில் படிந்து, நக்கும்போது உள்ளே போகும். நாய்க்கும் இவை விளையாட்டில்லை. 2002-லிருந்து 2012 வரை, கலப்பில்லாத டீ ட்ரீ எண்ணெயால் நாய் பூனைகளுக்கு நஞ்சேறிய 443 பதிவுகளை அமெரிக்காவில் தொகுத்தார்கள். மிகப் பெரும்பாலானவற்றில் உரிமையாளரே அன்போடு, மருந்தென்று நம்பித் தடவியது. எச்சில் வடிதல், தள்ளாட்டம், உடல் நடுக்கம் வந்தன. தெள்ளுப்பூச்சி போக வெங்காயம், பூண்டு கொடுக்கச் சொல்வதும் இந்த வகைதான். இரண்டுமே சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும், பூனைக்கு இன்னும் வேகமாக. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த பூச்சி மருந்தும் பூனைக்கு ஆகாது.

மீனுவின் நீர்க்கடுப்பில்தான் விலங்கை முழுதாகப் பார்ப்பதன் பலனை நான் முழுசாக உணர்ந்தேன். சிறுநீர் கழிக்க அடிக்கடி போய் உட்காருவாள், ஓரிரு சொட்டு வரும், அதில் ரத்தம் இருக்கும். ஸ்கேனில் கல் இல்லை, கல்ச்சரில் கிருமி இல்லை. வயதாகாத பூனைகளில் இந்தத் தொல்லையோடு வருபவற்றில் பாதிக்கும் மேல் இப்படித்தான், காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி. அதற்கும் மன அழுத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயுள்ள 46 பூனைகளின் வீட்டுச் சூழலை மாற்றிப் பின்தொடர்ந்தபோது சிறுநீர்த் தொல்லையோடு பயமும் பதற்றமும்கூடக் குறைந்தன.

நாங்கள் என்ன செய்தோம்? லிட்டர் பெட்டியை, அதாவது அவள் மலஜலம் கழிக்கும் மணல் பெட்டியை, இன்னொன்று கூட்டி, ஒன்றிலிருந்து மற்றது தெரியாத இடத்தில் வைத்தோம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மூடியுள்ள பெட்டியை எடுத்துவிட்டோம், கருப்பன் வாசலில் நின்றால் அவள் உள்ளே சிக்கிக்கொள்கிறாள் என்று தோன்றியது. அவன் எட்டாத உயரத்தில் அவளுக்குப் படுக்கை, அங்கே ஏற ஒரு தனி வழி. உலர் தீவனத்திலிருந்து மெல்ல மெல்ல ஈரமான உணவுக்கு மாற்றினோம், தண்ணீர்க் கிண்ணத்தை உணவிலிருந்து தள்ளி வைத்தோம். தினமும் ஒரே நேரத்தில் கயிறு கட்டிய குச்சியோடு வேட்டை விளையாட்டு, முடிந்ததும் சாப்பாடு. விருந்தாளி வந்தால் ஓர் அறை முழுக்க அவளுக்கு. இவ்வளவும் நிலைக்கச் சில மாதங்கள் பிடித்தன. கடுப்பு வரும் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

ஒவ்வொரு தடவை கடுப்பு வந்தபோதும் யாராவது ஒரு கஷாயமோ உருண்டையோ சொன்னார்கள். இந்த நோயின் ஒவ்வொரு வரவும் பெரும்பாலான பூனைகளுக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். எதைக் கொடுத்திருந்தாலும் அது வேலை செய்ததாகத்தான் தெரியும். அதனால்தான் ஒரு தடவை தேறியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த வரவு எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதை மட்டும் குறித்துவந்தேன்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். முக்கி முக்கிச் சிறுநீரே வரவில்லை என்றால் அது அடைப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். கஷாயத்துக்கு அங்கே வேலையில்லை, அந்த நிமிடமே மருத்துவமனை. பூனை ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, குறிப்பாகக் குண்டான பூனை. உடம்பிலிருக்கும் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்துவிடும். வயிற்றைச் சுத்தப்படுத்தப் பட்டினி போடச் சொல்லும் யோசனை பூனைக்கு ஒருபோதும் வேண்டாம். நாய் வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் வயிறு உப்பிக்கொண்டே போனால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

ஹோமியோபதியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் 2017-ல், அதற்கு ஏற்கத்தக்க ஆதாரத் தொகுப்பு இல்லை, துணையாக இருக்கலாமே தவிர உரிய சிகிச்சையின் இடத்தில் வைக்கக் கூடாது என்று அறிவித்தது. தடுப்பூசிக்குப் பதிலாக ஹோமியோபதி உருண்டை கொடுக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பார்வோ வைரஸ் குட்டிகளை எப்படிக் கொல்கிறது என்று பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். இதற்கு நேரெதிராக, தேனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வைத்தியம்தான், ஆனால் புண்ணில் கிருமி வளராமல் தடுப்பது ஆய்வில் நிற்கிறது, சுத்திகரித்த மருத்துவத் தேனைக் கால்நடை மருத்துவமனைகளே புண்ணுக்குப் போடுகின்றன. பழையதா புதியதா என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படவில்லை.

வைத்தியரைத் தேடும்போது ஒருவர் போனிலேயே கருப்பனைப் பார்க்காமல் வலி மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். முதலில் நோய் அதிகமாகும், அது உடம்பு சுத்தமாவதற்கு அடையாளம் என்றார். அங்கே போகவில்லை. மோசமானாலும் மருந்து வேலை செய்கிறது, தேறினாலும் மருந்து வேலை செய்கிறது என்றால், எந்த நிலையில் மருந்து தோற்றதாக ஒத்துக்கொள்வார்? நல்ல மாற்று மருத்துவரிடம் நான் கேட்ட கேள்வி இதுதான்: எத்தனை தடவைக்குள் மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? எங்களவர் தயங்காமல், சில அமர்வுகளுக்குள் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம், உங்கள் காசும் அவன் அலைச்சலும் மிச்சம் என்றார். முதல் நாளே அவர் மேல் நம்பிக்கை வந்தது அதனால்தான்.

மீனுவுக்கும் வயது கூடுகிறது. 2002-ல் வந்த ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டிக் காட்டாது, உயரத்துக்குத் தாவுவதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் அவள் படுக்கைக்கு ஏறும் விதத்தையும் இப்போதே வீடியோ எடுக்க ஆரம்பித்திருக்கிறோம். முகத்தையும் பார்க்கிறோம். 2019-ல் கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட வலி அளவுகோலில் காதின் நிலை, கண் சுருக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை, தலை தாழ்ந்திருப்பது என்று ஐந்தையும் பார்த்து மதிப்பிடுகிறார்கள். பழகிக்கொண்டால் வீட்டிலேயே கவனிக்கலாம். கருப்பன் இப்போது நல்ல எடையில் இருக்கிறான். வலி மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதையும் அதே மூன்று காரியங்கள், அதே வீடியோ, நாள் தெரியாத அதே ஒருவரின் மதிப்பெண் என்று வைத்துத்தான் பார்க்கப்போகிறோம். இறக்கம் தெரிந்தால் பழைய அளவுக்கே திரும்பிவிடுவோம்.